மரபணுத் திருத்தமும் வினைக்கொள்கையும்

உயிர்கள் தாம் தாம் செய்த இருவினைக்கு ஈடாக உடம்பெடுத்து, அவ்வுடம்பின்கண் நின்று இன்ப துன்பங்களை நுகர்கின்றன என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. அவ்வுடம்பின் அமைப்பை அதன் அடிப்படையிற் புகுந்து மாற்றுதற்குரிய கருவியொன்று இந்நாளில் விஞ்ஞான நூலார் கைக்கு எட்டியிருக்கின்றது. 2012-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியால் உலகம் அறிந்த அக்கருவி, பன்னீராண்டு நிரம்புதற்கு முன்னரே, 2023-ஆம் ஆண்டின் இறுதியில், நோய் தீர்க்கும் சிகிச்சையாக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அரசாங்க ஒப்புதலைப் பெற்றுவிட்டது. இச்செய்தியைக் கேட்கும் சைவ அன்பர்க்கு இருவேறு ஐயங்கள் நிகழ்தல் இயல்பு. பிறவியோடு வந்த நோய் வினைப்பயனாயின், அதனை மரபணுவினுள் நுழைந்து மாற்றுதல் இறைவன் வகுத்த நியதியிற் கைவைத்தலாகாதோ என்பது ஒன்று. நோயின் காரணம் மரபணுவில் உள்ள ஓரெழுத்துப் பிழையே என்று கண்கூடாகக் கண்டபின், வினையென்று வேறொன்று கொள்ளுதல் எற்றுக்கு என்பது மற்றொன்று. இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. நோயுற்ற மகவை மடியிற் கிடத்தியிருக்கும் தாயொருத்திக்கு நாம் என்ன சொல்லப் போகின்றோம் என்பது இவற்றின் விடையைப் பொறுத்தது. ஆதலின், முதற்கண் அக்கண்டுபிடிப்பின் இயல்பை எளிதின் விளக்கி, பின்னர்ச் சித்தாந்த நெறி நின்று அவ்வையங்களை ஆராய்வாம்.

மரபணுவின் இயல்பு

நம்முடம்பு எண்ணிறந்த நுண்ணிய உயிரணுக்களால் ஆயது. அவற்றுட் பெரும்பாலனவற்றின் நடுவே கரு என்று சொல்லப்படும் பகுதியொன்று உண்டு. அக்கருவினுள் 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக அமைந்துள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தைவழி வந்தது. மற்றொன்று தாய்வழி வந்தது. இவற்றின் உட்பொருளாகிய டி.என்.ஏ. என்பது முறுக்கிய நூலேணி போன்ற வடிவினது என்பதை 1953-ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவர் வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்கிளின் என்னும் அம்மையாரின் எக்ஸ்-கதிர் ஆராய்ச்சி அதற்குப் பெருந்துணையாயிற்று. அவ்வேணியின் படிகள் நால்வகைப் பொருள்களால் ஆயவை. அவற்றை நான்கு எழுத்துக்கள் என்றே கொள்ளலாம். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரும் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் நிரலே அமைந்துள்ளன. உடம்பிற்கு வேண்டும் புரதப் பொருள்களை இன்னவாறு ஆக்குக என்னும் விதி, இவ்வெழுத்துக்களின் வரிசையில் அடங்கியுள்ளது. அத்தகைய விதியைத் தாங்கிய ஒவ்வொரு பகுதியையும் மரபணு என்பர்.

300 கோடி எழுத்துக்களுள் ஒன்று பிறழின் என்னாம்? பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. சிற்சில இடங்களிலோ அவ்வொன்று வாழ்நாள் முழுதும் வருத்தும் நோயாகின்றது. இதற்குத் தக்க சான்று அரிவாளணுச் சோகை என்னும் நோய். நம் குருதிக்குச் செந்நிறத்தைத் தருவதும், மூச்சிற் புகும் பிராணவாயுவைச் சுமந்து உடம்பெங்கும் கொண்டு செல்வதும் ஹீமோகுளோபின் என்னும் புரதம். அதன் ஒரு கூறினை ஆக்கும் மரபணு பதினோராவது குரோமோசோமில் உள்ளது. அம்மரபணுவில் ஓரிடத்து ஓரெழுத்து மாறியிருப்பின், புரதத்தின் ஓர் உறுப்பு வேறாகிவிடுகின்றது. அங்ஙனம் வேறுபட்ட ஹீமோகுளோபின், தான் சுமந்த பிராணவாயுவை இறக்கி வைத்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாக விறைத்து நிற்கும். வட்டமாகவும் நெகிழ்ச்சியாகவும் இருந்த சிவப்பணு அப்போது அரிவாள் போல் வளைந்து இறுகி, நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட இடத்தில் எழும் வேதனை பொறுத்தற்கரியது. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் அழிந்துபடுதலின், குருதி குறைந்து உடம்பும் மெலியும்.

சிக்காகோ நகரத்து மருத்துவர் ஹெரிக் என்பார் 1910-இல் இந்நோயை முதன்முதலாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விவரித்தார். இது ஹீமோகுளோபின் மூலக்கூற்றின் பிறழ்ச்சியால் விளைவது என்பதை 1949-இல் லைனஸ் பாலிங் என்பாரும் அவர் கூட்டத்தாரும் காட்டினர். பிறழ்ந்த உறுப்பு இன்னது என்பதைச் சில ஆண்டு கழித்து இங்கிராம் என்பார் கண்டார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்ந்த மரபணுவையே பெற்ற மகவுக்கு இந்நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நோயின்றி வாழ்வர். அன்றியும், கொடிய மலேரியாச் சுரத்தினின்றும் அவர்க்கு ஓரளவு காவலும் அதனால் உண்டாகின்றது. மலேரியா மிக்க நிலப்பகுதிகளில் இம்மரபணு அழியாது நிலைபெற்றமைக்குக் காரணம் அதுவே. ஒருவர்க்குக் காவலாவது மற்றொருவர்க்கு நோயாகும் இவ்வியல்பு, உடம்பின் அமைப்பில் நன்று தீது என்று விரைந்து பகுத்தல் கூடாது என்பதை உணர்த்துவது. இதனைப் பின்னரும் நினைவு கூர்வாம்.

திருத்தும் கருவி

இனி, பிழையைத் திருத்தும் கருவி எங்கிருந்து வந்தது என்பது வியக்கத்தக்கது. அது மனிதன் புதிதாய்ப் படைத்ததன்று. கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்கள், தம்மைத் தாக்கும் வைரஸ்களின் டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தம்முள் அடையாளமாக வைத்துக்கொள்கின்றன. அதே வைரஸ் மீண்டும் வருங்கால், அவ்வடையாளத்தோடு ஒத்துப் பார்த்து, காஸ்-9 என்பது போன்ற புரதக் கத்தரியால் அதனை வெட்டி வீழ்த்துகின்றன. கிரிஸ்பர் என்று பெயர்பெற்ற இவ்வமைப்பின் சுவடு ஜப்பானிய ஆராய்ச்சியாளரால் 1987-லேயே காணப்பட்டது. அது பாக்டீரியாவின் தற்காப்பு என்னும் கருத்தை ஸ்பெயின் நாட்டு மொஹீக்கா என்பார் பின்னர் வெளிப்படுத்தினார். அக்கத்தரியை நாம் வேண்டும் எழுத்து வரிசைக்கு வழிகாட்டி அனுப்பி, அவ்விடத்தே வெட்டச் செய்யலாம் என்பதை 2012-இல் ஜெனிபர் டௌட்னா, எம்மானுவேல் ஷார்ப்பென்டியே என்னும் இரு பெண்மணிகள் தம் கூட்டத்தாரோடு காட்டினர். 2020-ஆம் ஆண்டிற்கு உரிய வேதியியல் நோபல் பரிசு அவ்விருவர்க்கும் அளிக்கப்பட்டது.

அரிவாளணுச் சோகைக்கு இக்கருவி பயன்படும் முறை நுட்பமானது. ஒவ்வொருவரும் தாய் வயிற்றில் இருந்த காலத்தில் வேறுவகை ஹீமோகுளோபின் ஒன்றைப் பெற்றிருந்தோம். பிறந்த சில மாதங்களில் உடம்பு அதனை ஆக்குவதை நிறுத்தி, அவ்விதியைத் தாழிட்டுவிடுகின்றது. கருக்கால ஹீமோகுளோபினில் இவ்வோரெழுத்துப் பிழை இல்லை. ஆகலின் மருத்துவர், நோயாளியின் குருதியை உண்டாக்கும் மூல அணுக்களை வெளியே எடுத்து, அவற்றில் அத்தாழைக் கிரிஸ்பர் கொண்டு தளர்த்தி, மீளவும் உடம்பிற் செலுத்துகின்றனர். பிழைபட்ட எழுத்து அங்ஙனமே இருக்க, பழைய நல்ல ஹீமோகுளோபின் மீண்டும் சுரந்து நோயை வெல்கின்றது. அமெரிக்க அரசாங்கத்தார் 2023 டிசம்பர் 8-ஆம் நாள் ஒப்புதல் அளித்தபோது கணக்கிற் கொண்ட 31 நோயாளருள் 29 பேர், தொடர்ந்து 12 மாதமேனும் கொடிய வேதனைத் தாக்குதல் இன்றி இருந்தனர். இச்சிகிச்சை எளிதன்று, புதிய அணுக்களுக்கு இடம் செய்தற்பொருட்டு எலும்பு மச்சையிலுள்ள பழைய அணுக்களைக் கடுமையான மருந்தால் அழித்தல் வேண்டும். ஆயினும், பிறந்தது முதல் வேதனையன்றி வேறறியாதார் வேதனையின்றித் துயில்கொண்டனர் என்பது சிறிய செய்தியன்று.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. குருதியில் அம்மோனியா என்னும் நஞ்சு பெருகி மூளையைக் கெடுக்கும் அரிய பிறவிநோய் ஒன்றோடு பிறந்த குழந்தைக்கு, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், அதன் ஈரலிலுள்ள மரபணுவில் அக்குழந்தைக்கே உரிய எழுத்துப் பிழையைத் திருத்தும் மருந்து தனியே ஆக்கிக் கொடுக்கப்பட்டது. ஓருயிரின்பொருட்டு ஒரு மருந்து ஏறக்குறைய ஆறு திங்களில் ஆக்கப்பெற்றமை மருத்துவ வரலாற்றிற் புதுமை.

வினை வேண்டா என்பார்க்கு விடை

நோய்க்குக் காரணம் மரபணுப் பிழையெனின் வினை எற்றுக்கு என்பார் கூற்றை முதற்கண் நோக்குவாம். ஒரு காரியத்திற்குக் காரணம் ஒன்றே என்று கொள்ளுதலால் இவ்வையம் எழுகின்றது. குடமொன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று காரணங்களை மூன்றாகப் பகுத்து உணர்த்துவது நம் சாத்திர மரபு. அவ்வாறே உலகிற்கும் உடம்பிற்கும் மாயை முதற்காரணமாகவும், சத்தி துணைக்காரணமாகவும், இறைவன் நிமித்த காரணமாகவும் நிற்ப, உடம்புகள் தம்முள் வேறுபடுதற்கு ஏதுவாவது அவ்வவ்வுயிரின் வினை. ஒரே மண்ணால் நீர்க்குடமும் அடுப்பிலேற்றும் பானையும் வேறு வேறாக வனையப்படுதல், கொள்வாரது தேவை வேறுபடுதலால் அன்றோ? மரபணுவும், அதன் எழுத்துக்களும், அவ்வெழுத்தின்வழித் தோன்றும் புரதமும் ஆகிய யாவும் மாயையின் காரியங்களே. விஞ்ஞான நூலார் கண்டது மண்ணின் நுண்ணிய இயல்பை. மண்ணை எத்துணை நுணுகி ஆராயினும், இக்கலம் எவர்பொருட்டு இவ்வாறு வனையப்பட்டது என்பது அவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது.

இதனால் விஞ்ஞானம் வினையை நாட்டிற்று என்று யாம் சொல்ல வந்திலேம். நுண்ணோக்காடியால் வினையைக் காண்டலும் இயலாது. இல்லையென்று காட்டலும் இயலாது. அஃது ஆகமப் பிரமாணத்தாலும் அதனைச் சார்ந்த அனுமானத்தாலும் கொள்ளப்படுவது. மரபணுவைப் பற்றி நம் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என்று சொல்லிப் பெருமை கொள்ளுதலும் வேண்டாதது; அது முன்னோர்க்கும் உயர்வு தருவதன்று, நூலாராய்ச்சிக்கும் நேர்மையன்று. அவர் கண்டது வேறு; இவர் கண்டது வேறு. இரண்டும் தத்தம் எல்லையில் நிற்குமாயின் முரண் இல்லை.

நியதியிற் கைவைத்தலோ என்பார்க்கு விடை

இனி, வினையை உடன்பட்டு, அதனாலேயே சிகிச்சையைக் கடிவார் கூற்றை நோக்குவாம். பிராரத்த வினை நுகர்ந்தே கழிதற்பாலது. பிறவிநோயை மருந்தால் மாற்றின் அந்நுகர்ச்சி தடைப்படும். தடைப்பட்ட வினை வேறு பிறவியில் வந்து வருத்தும். ஆகவே நோயை அதன் போக்கில் விடுதலே நன்று என்பது அவர் கருத்து.

இக்கருத்து உண்மையாயின், அது மரபணுச் சிகிச்சையோடு நில்லாது. பசியும் பிராரத்தமே, அதற்குச் சோறிடுதல் கூடாதென வேண்டும். சுரமும் பிராரத்தமே, அதற்குக் கஷாயம் கொடுத்தலும் கூடாதென வேண்டும். அங்ஙனம் யாரும் சொல்வதில்லை. ஊழினது வலியை ஓரதிகாரத்தால் உரைத்த திருவள்ளுவரே ஆள்வினையுடைமைக்கு ஓரதிகாரமும் மருந்துக்கு ஓரதிகாரமும் வகுத்தருளினார். ஊழைக் கொண்டவர் முயற்சியைத் தள்ளவேண்டும் என்பது அப்பெருமானுக்கு உடன்பாடாயின், அவ்வதிகாரங்கள் நூலில் இடம்பெற்றிரா.

திருஞானசம்பந்த சுவாமிகள் கொடிமாடச்செங்குன்றூராகிய திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருந்த காலத்து, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிய வரலாறு சைவர் யாவரும் அறிந்தது. இஃது இந்நிலத்தின் இயல்பு, இவர்தம் வினை என்று சுவாமிகள் வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் திருப்பதிகம் அருளிச்செய்து அந்நோயை நீக்கினார். வினையின் இயல்பைத் தெரிந்து வைத்தும் அதனினின்று உய்யும் வழியைத் தேடாதிருத்தல் குறைபாடு என்னும் கருத்து அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே அமைந்திருத்தல் ஓதுவார்க்குப் புலனாம். திருப்பாச்சிலாச்சிராமத்தில் மழவர்கோன் மகளை வருத்திய முயலகன் என்னும் நோயையும், மதுரையிற் பாண்டியனைப் பற்றிய வெப்பு நோயையும் தீர்த்தவரும் அவரே. நோய் தீர்த்தல் வினைக்கொள்கைக்கு மாறாயின், சைவத்தை நிலைநாட்ட வந்த ஆசிரியர் அதனைச் செய்திருப்பாரோ?

அஃதொக்கும், அவர் செய்தது திருவருட் செயல். மருத்துவர் செய்வது உலகியற் செயல். இரண்டும் ஒன்றாமோ எனின், ஒன்றாகா என்பது மெய்யே. ஆயினும், திருவருளுக்கு உடன்பாடாகிய நோக்கம் உலகியலிலும் உடன்பாடே என்பது அச்செயலாற் பெறப்படும். அன்றியும், இறைவன் உயிர்களுக்கு இன்பமும் துன்பமும் ஊட்டி வினையைக் கழிப்பதற்கு, நோயைச் சில இடத்து அறுத்தும் சில இடத்து இனிய பண்டங்கள் கொடுத்தும் தீர்க்கும் மருத்துவனைச் சிவஞானசித்தியார் உவமை கூறுகின்றது. மருத்துவன் தொழில் இறைவன் ஆணைக்கு மாறானதாயின், அருணந்தி சிவாசாரியார் அதனை இறைவன் செயலுக்கே உவமையாக எடுத்திரார்.

இன்னும் ஒன்று. இவ்வுயிர் இந்நோயை இத்துணைக் காலம் நுகர்தற்பாலது என்னும் எல்லையை அறிந்தவன் முற்றறிவினனாகிய இறைவன் ஒருவனே. நோய் வந்ததை வினைப்பயன் என்று கொள்பவர், மருந்து கிடைத்ததை வினைப்பயன் அன்று என்று எதனாற் கொண்டனர்? துன்ப நுகர்ச்சி தீர்ந்து இன்ப நுகர்ச்சி தொடங்கும் காலம் வந்தமையாலேயே அம்மருந்து இவனை வந்தடைந்தது என்று கொள்ளுதற்கு யாது தடை? இறைவன் வகுத்த நியதியை ஒரு மருத்துவன் கத்தரியால் வெட்டிவிடக் கூடுமாயின், அது நியதியாதல் எங்ஙனம்? அவன் ஆணையைக் காத்தற்பொருட்டு நாம் நோயாளிக்கு மருந்து மறுக்கவேண்டும் என்பது, அவனை வலியற்றவன் என்று கருதுவதனோடு ஒக்கும்.

ஆகலின், பிறருடைய நோய்முன் நிற்கும் நாம் கேட்கவேண்டிய வினா, இவன் முற்பிறவியில் என்ன செய்தான் என்பதன்று. இப்பொழுது யான் என்ன செய்யப் போகின்றேன் என்பதே. அவன் நுகர்வது அவனது பிராரத்தம். நாம் செய்வதோ, செய்யாது விடுவதோ நமது ஆகாமியம். தன்னைப் பற்றிய துன்பத்தை வெகுளியின்றித் தாங்குதற்கு வினைக்கொள்கை ஓர் ஊன்றுகோல். அதனையே பிறர் துன்பத்தினின்று விலகி நடத்தற்கு வழியாகக் கொள்வார், ஊன்றுகோலைத் தண்டாக்கி நோயாளியை அடிப்பவரோடு ஒப்பர். மகவின் நோயால் ஏங்கும் தாயிடம் சென்று, இஃது உன் வினை என்று சொல்லி வருதல் சித்தாந்தம் உரைத்தலன்று. அது கொடுமை.

எல்லை எங்கே?

அங்ஙனமாயின், மரபணுவில் எதனையும் எவ்வாறும் மாற்றலாம் என்பது பெறப்படுமோ எனின், அற்றன்று. இக்கருவியின் பயன் இருவகைப்படும். ஒன்று, பிறந்து நோயுற்றுத் துன்புறுவானது உடம்பில், அவன் அல்லது அவனைப் பேணுவார் வேண்டுகோளால் செய்வது. இம்மாற்றம் அவனோடு ஒழியும். மற்றொன்று, கருமுளையிற் செய்வது. அம்மாற்றம் பிறக்கும் மகவோடு நில்லாது அதன் வழித்தோன்றல்களுக்கும் செல்லும்.

சீன நாட்டு ஷென்சென் நகரில் ஹே ஜியான்குய் என்னும் ஆராய்ச்சியாளர், எய்ட்ஸ் நோயை விளைக்கும் வைரஸ் பற்றாதிருக்கவேண்டிக் கருமுளைகளில் சி.சி.ஆர்-5 என்னும் மரபணுவை மாற்றியதாகவும், இரட்டைப் பெண்மகவுகள் பிறந்ததாகவும் 2018 நவம்பரில் அறிவித்தார். உலகத்து விஞ்ஞானிகள் பெரும்பாலோர் அதனைக் கண்டித்தனர். 2019 டிசம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் அவர்க்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டமும் பணத்தண்டமும் விதித்தது. அம்மகவுகளுக்கு அப்போது தீர்த்தற்குரிய நோய் யாதும் இல்லை. தந்தையின் தொற்று மகவுக்கு வாராமற் காத்தற்கு வேறு எளிய முறைகளும் முன்னரே இருந்தன. மாற்றமும் கருதியபடி செவ்வனே அமைந்திலது. மீட்டல் இயலாத ஒரு செயலை, மறுத்தற்கு வாயில்லாத உயிர்களின் உடம்பில், இன்றியமையாத காரணம் இன்றிச் செய்தமையே குற்றமாயிற்று.

இக்குற்றத்தைச் சித்தாந்த நோக்கில் எவ்வாறு பெயரிடுவது? இறைவன் நியதி கெட்டது என்று சொல்லற்க, அது கெடுவதன்று. கெட்டது செய்தவன் நெஞ்சு. சிற்றறிவுடையான் தன்னை முற்றறிவுடையானாக மதித்தல் ஆணவ மலத்தின் செயல். ஓரெழுத்தின் பிறழ்ச்சி ஒருவர்க்கு நோயாகவும் மற்றொருவர்க்கு மலேரியாவினின்று காவலாகவும் நிற்றலை மேலே கண்டோம். அத்தகைய ஆழமுடைய நூலில், வருங்கால மாந்தர் அனைவர்க்குமாக எழுத்தை மாற்றுவேன் என்று துணிதற்கு நம் அறிவு இன்னும் போதியதன்று. கொடிய பிறவிநோயை மரபினின்று களைதற்கு வேறு வழியே இல்லாத இடத்து, இம்முறை தீங்கற்றது என்று தெளியப்படும் நாள் வருமாயின், அப்போது இதனை மீண்டும் ஆராயலாம். அதுகாறும் அடக்கமே அறம்.

இதனினும் வழுக்கலான இடம் ஒன்று உண்டு. நோய் நீக்கத்தில் தொடங்கிய கை, நிறம், உயரம், அறிவு என்று விரும்பியவற்றை விரும்பியவாறு அமைத்துக்கொள்ளுதற்கும் நீளக்கூடும். இவற்றுட் பல எண்ணற்ற மரபணுக்களின் கூட்டுறவாலும் வளர்ப்பாலும் அமைவன ஆகலின், இன்று அது கைகூடாது. கைகூடினும் ஆகாது. மகவு என்பது நம் விருப்பத்திற்குச் செய்துகொள்ளும் பண்டமன்று. தன் மலத்தினின்று விடுபடுதற்பொருட்டு, இறைவனால் தனு கரணங்களோடு கூட்டப்பெற்று, நம் இல்லத்திற்கு விருந்தாக வரும் ஓருயிர். வந்த விருந்தின் நோயைத் தீர்த்தல் அருள்; இன்ன முகத்தோடு வந்தால்தான் ஏற்பேன் என்றல் யான் எனது என்னும் செருக்கு. திருத்தத்திற்கும் தெரிவுக்கும் இடையே உள்ள வேறுபாடு, அருளுக்கும் செருக்கிற்கும் இடையே உள்ள வேறுபாடே என்க.

மருந்து யார்க்கு?

இறுதியாக, இப்பொருளில் நம்மை நேரே தொடும் அறக்கடமை யொன்று எஞ்சி நிற்கின்றது. அரிவாளணு மரபு ஆபிரிக்கருக்கே உரியது என்று முன்னர் எண்ணியிருந்தனர். 1952-ஆம் ஆண்டில் லீமன், கட்புஷ் என்னும் இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களின் குருதியில் அதனைக் கண்டு வெளியிட்டனர். பின்னர் மத்திய இந்தியாவின் மலைவாழ் மக்களிடையேயும் அது பெரிதும் பரவியிருத்தல் தெரியவந்தது. 2047-ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழித்தல் வேண்டும் என்னும் நோக்கத்தோடு, 2023 ஜூலை 1-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்து ஷாதோலில் இந்திய அரசாங்கத்தார் தேசிய இயக்கமொன்றைத் தொடங்கினர். ஏழு கோடி மக்களின் குருதியைச் சோதித்தல் அதன் முதல் நோக்கம்.

மேலே கூறிய கிரிஸ்பர் சிகிச்சைக்கு அமெரிக்காவில் குறித்த விலையோ 22 இலட்சம் டாலர். மலைச்சாரலில் கூலிவேலை செய்து வாழும் குடும்பம் இதனைக் கனவிலும் எண்ணல் இயலாது. இதனைக் குறைந்த செலவில் ஆக்குதற்கு டில்லியிலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தார் முயன்று வருகின்றனர். அதுகாறும் செய்யத்தக்கவை இல்லாமலில்லை. ஹைட்ராக்ஸியூரியா என்னும் விலை குறைந்த மருந்து வேதனைத் தாக்குதல்களைக் குறைக்கின்றது. மணத்திற்கு முன் இருவரும் குருதிச் சோதனை செய்துகொள்ளின், இருவரும் இம்மரபணுவைத் தாங்கியவராயின் ஒவ்வொரு மகவுக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வரக்கூடும் என்பதை அறிந்து நடத்தல் கூடும். இவற்றை அறியச் செய்தற்கும், நோயுற்றாரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தற்கும், குருதி கொடுத்தற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

இந்த இடத்திலேதான் வினைக்கொள்கை மீண்டும் தவறாகக் கையாளப்படக்கூடும். செல்வர் மகவுக்கு மருந்து கிடைத்தல் அதன் நல்வினை. வறியவன் மகவுக்குக் கிடையாமை அதன் தீவினை என்று சொல்லி, கைகட்டி அமர்ந்திருத்தல் எளிது. அங்ஙனம் சொல்பவர், அவ்வறிய மகவின் வினையைக் கணக்கெடுத்துவிட்டனர். தம் வினையைக் கணக்கெடுத்திலர். உதவ வல்லவனாய்ப் பிறந்தும் உதவாதிருந்தமை தமக்கு என்ன பயனைத் தரும் என்பதை அவர் எண்ணுவாராக. உயிர்கள் யாவும் இறைவன் உறையும் கோயில் என்று கொண்டு, சீவகாருணியத்தை ஒழுக்கத்தின் முதலாக வைத்துப் போற்றுவது நம் நெறி. அந்நெறியில் நிற்பார்க்கு, மரபணுவில் மறைந்து கிடந்த ஓரெழுத்தை மாந்தர் படித்துத் திருத்தக் கற்றமை அஞ்சத்தக்க செய்தியன்று. மாயையின் காரியத்துள் நோயும் வைத்து, அந்நோய்க்கு மருந்தாகும் கருவியைக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரிடத்தும் வைத்தருளிய இறைவனது பெருங்கருணையை நினைத்தற்கு அது வாயிலாகும். அக்கருணையால் வெளிப்பட்ட மருந்தைச் செருக்கின்றிக் கையாளுதலும், வேண்டுவார் யாவர்க்கும் எட்டச் செய்தலும் நம்மேல் நிற்கும் கடன்.

திருச்சிற்றம்பலம்.